மேல்நோக்கு நாளுக்குக் காத்திருந்த பாத்தி

ஓடைக்கரைச் சாமியிடம் சீடராக வந்து சேர்ந்த பிரமநாயகம், குருவைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். குருவின் தாடியில் இன்னும் ஒரு நரைகூட விழவில்லை. சீடருக்கோ புருவமே வெள்ளை. அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்று கூப்பிட்டார், சீடர் குருவைச் சாமி என்று கூப்பிட்டார். ஓட்டுக்கூரை போட்ட ஒரு குடில், ஒரு கிணறு, ஒரு தொழுவம், அதில் ஒரு செவலைப் பசு. ஆசிரமம் என்பது அவ்வளவுதான்.

சாமியிடம் வருவதற்கு முன் பிரமநாயகம் டவுனில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேலாளர். நாள் பார்ப்பதில் புலி. ஜோசியர் குறித்துக் கொடுத்த முகூர்த்தத்தையே, ராகுகாலம் உரசுகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர். அப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள் உலகம்மை, மார்கழி மாதத்தில், அதுவும் கரிநாளில், தனக்குப் பிடித்த பையனைப் பதிவு அலுவலகத்தில் வைத்துக் கட்டிக்கொண்டாள்.

ஊர் சிரித்தது. மண்டபத்துப் பந்தியில் பாயசத்தோடு இந்தக் கதையும் பரிமாறப்பட்டது. பிரமநாயகம் மகளைப் பார்த்து "நீ விளங்க மாட்டே" என்று ஒரு சொல் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. மனைவி ஆவுடை மகள் பக்கம் போனாள். அவர் சாமி பக்கம் வந்தார்.

ஆவணியில் ஒரு நாள் ஆவுடை பஸ் ஏறி வந்தாள்.

"உலகு முழுகாம இருக்கா," என்றாள். "தலைப்பிரசவம். தகப்பன் போய் வீட்டுக்குக் கூட்டிட்டு வாரதுதான மொறை? மாசியில பிள்ளை பொறந்துரும்."

பிரமநாயகம் சட்டென்று எழுந்து நின்றார். சந்தோஷம்தான். ஆனால் அந்த ஒரு சொல் நடுவில் கிடக்கிறதே, அதைத் தாண்டி வெறுங்கையோடு போய் எப்படி நிற்பது?

"வாரேன்," என்றார். "இங்க ஒரு தோட்டம் போடப்போறேன். வெண்டை, கத்தரி, கீரை, மல்லி எல்லாம். புள்ளத்தாச்சிக்குக் கடைக்காய் வேண்டாம். மொதக் காய்ப்ப எடுத்துக்கிட்டு அப்பாவே வாராருன்னு சொல்லு."

ஆவுடைக்கு முகம் மலர்ந்தது. "அப்பா வருவாராம்மா, வருவாராம்மான்னு ஒரு நாள் விடாமக் கேக்கா. போய்ச் சொல்லுதேன்."

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பிரமநாயகம் குடிலுக்கு முன்னால் மண்ணைக் கொத்தினார். கல் பொறுக்கினார். தொழுவுரம் கலந்தார். கயிறு பிடித்து வரப்பு கட்டினார். அப்படி ஒரு பாத்தியை அந்த வட்டாரம் பார்த்ததில்லை. பாய்கூட இல்லாமல் படுத்து உறங்கலாம், அவ்வளவு பக்குவம். விதைகளைத் துணி முடிச்சுகளாகக் கட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு சாமியிடம் போனார்.

"சாமி, வெண்டை எப்போ போடலாம்?"

சாமி மோர் கடைந்துகொண்டிருந்தார். மத்தை நிறுத்திவிட்டு எழுந்தார். டப்பாவைத் திறந்து, வெண்டை முடிச்சை அவிழ்த்து, ஒரு சிட்டிகை எடுத்தார். தொழுவத்துக்குப் பின்பக்கம் போனார். கையைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்து மறுபடியும் மோர் கடைய உட்கார்ந்தார்.

பிரமநாயகம் நின்று பார்த்தார்.

"சாமி, ஒண்ணு கேட்டேனே."

"ஆமா, கேட்டீய."

"பதில்?"

"மோர் சாப்பிடுங்க."

மோர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கேள்வி அப்படியே நின்றது. சரி, இவர் ஞானத்துக்குத்தான் குரு, வெண்டைக்காய்க்கு இல்லை என்று பிரமநாயகம் தம்மைத் தாமே சமாதானப்படுத்திக்கொண்டார். காற்று வேறு இன்னும் அடங்கவில்லை. ஆவணிக் காற்றில் முளைத்தது நிற்குமா? அடங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

புரட்டாசி வந்தது, காற்றும் அடங்கியது. இப்போது காலண்டர் வந்து குறுக்கே நின்றது. தினசரித் தாளின் மூலையில் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள், சமநோக்கு நாள் என்று சின்னதாக அச்சடித்திருப்பார்கள். நம்மில் பாதிப் பேர் அதைப் பார்க்காமலே கிழித்துப் போடுகிறோம். பிரமநாயகம் அதை மட்டும்தான் பார்ப்பார். மேலே வளர்கிற வெண்டைக்கும் கத்தரிக்கும் மேல்நோக்கு நாள் வேண்டும். மண்ணுக்குள் இறங்குகிற முள்ளங்கிக்குக் கீழ்நோக்கு நாள். பாகல் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் பந்தலில் படர்கிறதே, அதற்குச் சமநோக்கா என்று யோசித்ததில் ஒரு வாரம் போயிற்று. மேல்நோக்கு நாள் கிடைத்தால் அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. கிழமை சரியாக வந்தால் அஷ்டமி. அஷ்டமி நகர்ந்தால் தேய்பிறை.

"சாமி, கத்தரியை எந்த நாளில போடட்டும்?"

சாமி ஒரு சிட்டிகை கத்தரி விதை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் பின்பக்கம் போய்விட்டார்.

பிரமநாயகத்துக்கு எரிச்சல் வந்தது. பின்னாலேயே போய்ப் பார்த்திருப்பார், ஆனால் தொழுவத்தில் செவலைப் பசு நின்றது. அதற்கும் அவருக்கும் ஆகாது. சாமியிடம் கன்றுக்குட்டி மாதிரி குழையும் அது, பிரமநாயகத்தைக் கண்டால் மட்டும் கொம்பைத் தாழ்த்தும். அணிலுக்குப் போடுகிறார் போலிருக்கிறது, ஜீவகாருண்யமாம், நம்ம விதையில் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு திரும்பிவிட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது.

"இந்த அடைமழையில போட்டா அழுகித்தான போகும், சாமி? தண்டுக்கீரைய எப்போ தூவலாம்?"

ஒரு சிட்டிகை கீரை விதை போயிற்று. தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் சாமி தொழுவத்துக்குப் பின்னால் போனார்.

அன்று மத்தியானம் சாம்பாரில் வெண்டைக்காய் கிடந்தது. பிரமநாயகம் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

"கொஞ்சம் முத்தல். எங்க வாங்குனீய, சாமி? நம்ம தோட்டம் மட்டும் காய்க்கட்டும், பிஞ்சு பிஞ்சாப் பறிச்சுத் தாரேன். அப்புறம் இந்தக் காயத் தொட மாட்டீய."

சாமி சீடரின் முகத்தைப் பார்த்தார். வாய்வரை வந்த எதையோ சோற்றோடு சேர்த்து விழுங்கினார்.

"இன்னும் ரெண்டு காய் போட்டுக்கோங்க அண்ணாச்சி," என்றார்.

மழை வெறித்து வானம் தெளிந்ததும் பாத்தியில் குப்பைக்கீரையும் மூக்கிரட்டையும் தாமாகவே முளைத்துக்கொண்டு வந்தன. பிரமநாயகம் குனிந்து ஒன்றுவிடாமல் பிடுங்கி எறிந்தார். வரப்பை மறுபடி பூசினார். பாத்தி முன்னைவிட அழகாகிவிட்டது.

கார்த்திகையில் ஆவுடை மறுபடியும் வந்தாள். குடையை மடக்கிக்கொண்டு பாத்தியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"என்னது இது? யாரையும் பொதைச்சு வச்சிருக்கீயளா?"

"பாத்தி," என்றார் பிரமநாயகம்.

"செடி எங்க?"

"ஈரம் ரொம்ப இருக்கு. கொஞ்சம் காயட்டும்னு பாக்கேன்."

"வளைகாப்பு முடிஞ்சிருச்சு. வந்தவ எல்லாம் அப்பா எங்க, அப்பா எங்கன்னு கேக்கா. அவ சிரிச்சுக்கிட்டே, அப்பா தோட்டம் போட்டுருக்காரு, காய் பறிச்சுட்டு வருவாருன்னு சொல்லுதா. எனக்குத்தான் வயிறு எரியுது."

"அதுக்குத்தான சொல்லுதேன். அவசரப்பட்டுப் போட்டு, முளைக்காமப் போச்சுன்னா? எதக் கொண்டு போவேன்?"

"உங்களக் கொண்டு வாங்க."

அவர் வரப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆவுடை குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலம் அவர் வெந்தயம் எப்போது போடலாம் என்று கேட்டார். சாமி நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, வெந்தய முடிச்சை அவிழ்த்தார்.

மார்கழியில் பிரமநாயகத்துக்கு நிம்மதி. அந்த மாதத்தில் யாரும் விதை போடமாட்டார்கள், யாரும் ஏன் போடவில்லை என்று கேட்கவும் மாட்டார்கள். இருந்தாலும் பழக்கம் விடுமா? மாதம் பிறந்து ஒரு வாரம் ஆகுமுன்னே டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்.

"சாமி, மல்லி எப்போ போடலாம்? இன்னைக்குப் போடுததுக்கில்ல. இன்னைக்குக் கரிநாள். சும்மா கேட்டு வைக்கேன்."

சாமி மல்லி விதையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, இரண்டாக உடைத்துக்கொண்டே நடந்தார்.

"கரிநாள்னு சொன்னேனே, சாமி."

"காதுல விழுந்துச்சு," என்றது தொழுவத்துக்குப் பின்னாலிருந்து வந்த குரல்.

தை பிறந்தது. பிரமநாயகத்தின் மனதுக்குள் ஏகப்பட்ட உற்சாகம். விதைக்கத் தைப்பட்டத்தைவிட நல்ல பட்டம் ஏது? நல்ல வளர்பிறை, நல்ல மேல்நோக்கு நாள் ஒன்றைப் பொறுக்கி எடுத்துவிட்டார். அன்றைக்குக் காலையில் குளித்து, திருநீறு பூசி, டப்பாவோடு பாத்திக்கு முன்னால் வந்து நின்றார். நின்றவர், நிமிர்ந்து பார்த்தபோது கூரை மேல் ஒரு பல்லி கத்திற்று. டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

தை முடியப்போகிற சமயம். வெயில் ஏறிய பொழுதில் ஆவுடை வந்தாள். இந்த முறை அவள் பாத்தியைச் சுற்றவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"டாக்டர் நாளைக்கு ஆஸ்பத்திரியில சேக்கச் சொல்லிட்டாரு," என்றாள்.

"மாசியிலதான சொன்னே?"

"பிள்ளைக்குக் காலண்டர் பாக்கத் தெரியாதே."

பிரமநாயகம் பாத்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒவ்வொரு தடவை நான் இங்க வந்துட்டுப் போகும்போதும், வாசல்லயே நிப்பா. அப்பா என்ன சொன்னாருன்னு கேப்பா. இன்னைக்குக் கிளம்பும்போது அங்க போயிட்டு வாரேன்னு சொன்னேன்." ஆவுடை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சரின்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. ஒண்ணும் கேக்கல."

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. ரோட்டைப் பார்க்க நடந்தாள்.

பிரமநாயகத்துக்கு நெஞ்சில் யாரோ மண்வெட்டியை இறக்கிய மாதிரி இருந்தது. அழுகை வரவேண்டிய இடத்தில் அவருக்குக் கோபம் வந்தது. கோபம் போவதற்கு ஒரு வழி வேண்டுமே, அது நேராகச் சாமியிடம் போயிற்று.

சாமி சாணிக்கூடையைச் சுமந்துகொண்டு வந்தார்.

"மாசக்கணக்காக் கேக்கேன்," என்றார் பிரமநாயகம். "எப்போ போடலாம், எப்போ போடலாம்னு நாயாக் கத்துதேன். ஒரு தடவையாவது வாயத் தொறந்து சொன்னீயளா? இன்ன நாள்னு சொல்லியிருந்தா அன்னைக்கே போட்டுருப்பேன். இந்நேரம் கூடை நெறையக் காயோட எம்மக வீட்டு வாசல்ல நின்னுருப்பேன். கேக்குத போதெல்லாம் விதைய அள்ளிக்கிட்டுப் போய் அணிலுக்குப் போட்டீய. பதில் மட்டும் போடல."

சாமி கூடையைத் தொப்பென்று கீழே போட்டார். பொறுமைக்குப் பேர்போன மனிதர்தான். ஆனால் பொறுமைக்கும் ஒரு பட்டம் உண்டு போலிருக்கிறது, அது அன்றோடு முடிந்தது.

"அணிலுக்கா?" என்றார். "வாங்க இங்க."

மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். தொழுவத்தில் செவலைப் பசு கொம்பைத் தாழ்த்தியது.

"சும்மா இரு," என்றார் சாமி.

அது யாருக்குச் சொன்னது என்று தெரியாததால் பிரமநாயகமும் சும்மா இருந்தார். இரண்டு பேரும் பின்பக்கம் போனார்கள்.

அங்கே சுவரோரமாக உடைந்த சட்டிகளும், ஓட்டை வாளியும், பாதி அறுத்த பிளாஸ்டிக் குடமும் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் மண்.

"இது என்ன, சாமி?"

"நீங்க கேட்ட கேள்வி எல்லாம் இங்கதான் இருக்கு."

சாமி முதல் சட்டியைக் காட்டினார். அதில் காய்த்து ஓய்ந்த வெண்டைச் செடிகள் காய்ந்து நின்றன.

"ஆவணியில கேட்டது. முத்தல்னு சொல்லிச் சொல்லியே சாப்பிட்டீய."

பிரமநாயகம் காய்ந்த காம்பு ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த சட்டியில் மண்ணைத் தவிர எதுவும் இல்லை. "புரட்டாசி. எறும்பு தூக்கிட்டுப் போயிருச்சு." அதற்கடுத்ததும் அப்படித்தான். "ஐப்பசி. அழுகிருச்சு."

"நான்தான் அப்பவே சொன்னேனே, சாமி? அடைமழையில அழுகும்னு."

"சொன்னீய. சரியாத்தான் சொன்னீய."

பிரமநாயகத்துக்கு இத்தனை மாதத்தில் முதல்முறையாக ஒரு பிடி கிடைத்தது. "அப்போ நான் பொறுத்திருந்தது சரிதான?"

"அழுகினது ஒரு சிட்டிகைதான், அண்ணாச்சி."

பிடி நழுவிவிட்டது.

குடத்தில் வெந்தயம் அடியோடு மொட்டையாக இருந்தது. "கார்த்திகை. நல்லாத்தான் வந்துச்சு. இவ கயித்த அறுத்துக்கிட்டு வந்து மேஞ்சுட்டா." பசு வாலை ஆட்டியது.

கடைசியாக ஓட்டை வாளி. அதில் மல்லி தளதளவென்று விளிம்புக்கு மேல் வழிந்துகொண்டிருந்தது. குனியாமலே வாசனை வந்தது.

"இது..."

"மார்கழி."

"அன்னைக்குக் கரிநாளுல்லா."

"இருக்கும்," என்றார் சாமி.

பிரமநாயகம் வாளியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். மல்லித் தழையைத் தொட்டார். மார்கழியில், கரிநாளில், தாம் ஒரு சொல் சொல்லி விட்டுவந்த மகளின் முகம் கண்முன் வந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடத் துக்கமாக இருந்தது.

தழையிலிருந்து கையை எடுக்காமலே, "எது நல்ல நாள்னு போடும்போதே உங்களுக்குத் தெரியுமா, சாமி?" என்றார்.

"தெரியாது."

"ஒரு சட்டிக்குக்கூடவா?"

"தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனா? தினமும் உங்ககிட்டப் பேச்சு வாங்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" சாமி தலையைச் சொறிந்துகொண்டார். "நீங்க கேட்டீய. எனக்குத் தெரியல. போட்டுப் பார்த்தேன்."

பிரமநாயகம் காலியாக இருந்த சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்க நினைத்தது விதையைப் பற்றி இல்லை. குரல் எழும்பாமல்தான் கேட்டார்.

"நான் போய் நின்னு, அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்னா?"

சாமி அந்தக் காலிச் சட்டியை எடுத்தார். உள்ளே விரலை விட்டு மண்ணைக் கிளறினார். இறுகியிருந்த மண் பொலபொலவென்று விட்டுக்கொடுத்தது. சட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"இதுல முளைக்கலன்னதும் நான் அடுத்த சட்டியில போட்டேன்," என்றார்.

பிரமநாயகம் எழுந்தார். கண்ணைத் துடைத்தார். திடீரென்று சுறுசுறுப்பு வந்தவராக வாளிப் பக்கம் குனிந்து, இரண்டு கையாலும் மல்லியைப் பிடுங்கப் போனார்.

சாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க. அது நான் போட்டது."

"எம்மகளுக்கு, சாமி."

"எனக்கு ரசத்துக்கு வேணும்."

"அப்போ நான் எதக் கொண்டு போவேன்?"

அதற்கான பதிலைக் கார்த்திகையிலேயே ஆவுடை சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அது இப்போதுதான் பிரமநாயகத்தின் காதில் விழுந்தது. கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

பசுவைக் கடந்து தனியாகவே போனார். அது கொம்பைத் தாழ்த்தியது, அவர் கவனிக்கவில்லை. குடிலுக்குள் போய்த் துண்டை மட்டும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அழகான அந்தப் பாத்தியைச் சுற்றிப் போகத் தோன்றவில்லை, நடுவிலேயே மிதித்துக்கொண்டு நடந்தார். வாசல் வேலியைத் திறந்தவர், பாதியில் நின்று திரும்பினார். முகத்தில் மறுபடியும் அந்தப் பழைய கவலை.

"சாமி," என்று கூப்பிட்டார். "டவுனுக்கு அடுத்த பஸ் எப்போ?"

சாமி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"ரோட்டுல போய் நில்லுங்க, அண்ணாச்சி."